காப்பீட்டு அட்டையோடு நின்றுவிடாதீர்கள்: வேட்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேட்பாளர்களுக்கு,

வணக்கம்.

கட்டுப்படியாகும் செலவில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற வாக்குறுதியை உங்களில் பலர் தேர்தல் அறிக்கையின் முன்பக்கங்களிலேயே வைத்திருக்கிறீர்கள். அதை நான் மனதார வரவேற்கிறேன். நோய் வந்த வீட்டில் பணம் இல்லை என்பதற்காகச் சிகிச்சை நின்றுபோகக் கூடாது என்று சொல்லி வாக்குக் கேட்பது அரசியலில் மிக நேர்மையான கோரிக்கைகளில் ஒன்று. ஒரு மருத்துவமனையின் நோயாளர் உதவி மேசையில் அமர்ந்து, காப்பீட்டுப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும், ஒப்புதல் வராத கோப்புகளைத் துரத்துவதும், பில்லில் எஞ்சும் தொகையை உறவினர்களுக்கு விளக்கிச் சொல்வதுமே என் வேலை என்பதால், இந்த வாக்குறுதி நிறைவேறும்போது என்ன நடக்கிறது, பாதியில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் மேடைப் பேச்சுகளையும் அறிக்கைகளையும் கவனமாகப் படித்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே எண்தான் முன்னால் நிற்கிறது: இன்னும் எத்தனை பேருக்குக் காப்பீடு கிடைக்கும் என்ற எண். அது முக்கியமான எண்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட உலக சுகாதார அறிக்கை, காப்பீட்டின் பரப்பை மூன்று பக்கங்களிலிருந்து அளக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. யாருக்கெல்லாம் பாதுகாப்பு உண்டு என்பது ஒரு பக்கம். எந்தெந்தச் சிகிச்சைகள் அதில் அடங்கும் என்பது இன்னொரு பக்கம். அந்தச் சிகிச்சைக்கான செலவில் எவ்வளவு பங்கைப் பொது நிதி ஏற்கும், எவ்வளவு நோயாளியின் தலையில் விழும் என்பது மூன்றாவது பக்கம். முதல் பக்கத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போய், மற்ற இரண்டையும் சுருக்கி வைத்தால், நாட்டில் ஒருவர் விடாமல் எல்லோர் கையிலும் அட்டை இருக்கும். நோய் வந்த அன்று கடன் வாங்க ஓடுவதும் அப்படியே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட கண்காணிப்பு அறிக்கையின்படி, 2021-இல் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 450 கோடிப் பேருக்கு அடிப்படை மருத்துவச் சேவைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. சொந்தப் பணத்தில் செய்யும் மருத்துவச் செலவால் பொருளாதார நெருக்கடிக்கு ஆளானவர்கள் ஏறத்தாழ 200 கோடிப் பேர். இந்த இரண்டாவது எண்ணில் காப்பீடே இல்லாதவர்கள் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். ஏதோ ஒரு வகைக் காப்பீடு இருந்தும் செலவில் மூழ்கியவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் அன்றாடம் சந்திக்கிறேன்.

எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் ஒரு வகையினரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் அவர்கள். அட்டை இருக்கிறது, பெயர் சரியாக இருக்கிறது, விரலையோ பாதத்தையோ அகற்றும் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதலும் வந்துவிடுகிறது. அறுவைக்குக் குடும்பம் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புண் வருவதற்கு முந்தைய ஆண்டுகளைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரையும் இன்சுலினும், அவ்வப்போது செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனையும், கால் மரத்துப்போனவர்களுக்கான செருப்பும் எந்தக் காப்பீட்டிலும் அடங்கவில்லை. ஏனெனில் அவையெல்லாம் வெளிநோயாளிச் செலவு. மருத்துவமனையில் படுத்தால்தான் காப்பீடு பேசும். காலைக் காப்பாற்றும் செலவைக் குடும்பத்திடம் விட்டுவிட்டு, காலை எடுக்கும் செலவைப் பொது நிதி ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மருந்துக் கவுண்ட்டரில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மருந்துச்சீட்டில் ஐந்து மருந்துகள், முப்பது நாளைக்கு என்று எழுதியிருக்கும். மருந்தாளுநர் கூட்டிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. பிறகு, ‘பத்து நாளைக்கு மட்டும் கொடுங்கள்’ என்பார்கள். அவரும் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பார். அதோடு முடிவதில்லை. ‘இதில் எது முக்கியம்?’ என்று அடுத்த கேள்வி வரும். வலியை நிறுத்தும் மாத்திரை வீட்டுக்குப் போகும். ரத்தக் கொதிப்புக்கான மாத்திரை கவுண்ட்டரிலேயே நின்றுவிடும். ரத்தக் கொதிப்பு வலிப்பதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அப்படி விடப்படும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையுமே சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணங்கள் என்பதை மருத்துவம் அறிந்த எவரும் உங்களுக்குச் சொல்வார்கள். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் காப்பீடு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் அந்த வீட்டின் வருமானம் நின்றிருக்கும்.

இந்தியாவில் 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்குத் தருகிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் 2024-இல் அது விரிவுபடுத்தப்பட்டது. அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் அது பெரிய கை கொடுத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. என்றாலும் மருத்துவமனையில் சேராமல் பார்க்கும் அன்றாட வைத்தியமும் அதற்கான மருந்தும் அதன் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. மருந்து விஷயத்தில் வளமான நாடுகளும் விதிவிலக்கல்ல. பொது மருத்துவக் காப்பீட்டுக்குப் பெயர்போன கனடாவிலேயே, மருத்துவரையும் மருத்துவமனையையும் எல்லோருக்கும் இலவசமாக்கிய சட்டம், மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்தை அந்த அளவுக்கு உறுதிசெய்யவில்லை. அந்த இடைவெளியைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக அங்கே விவாதம் நடக்கிறது. தொடக்கத்தில் விடுபட்ட ஒன்றைப் பின்னால் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே, மருந்தும் வெளிநோயாளிச் சிகிச்சையும் இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் ஆலோசகர்கள் சொன்னால், தயவுசெய்து ஏற்காதீர்கள்.

சிறு கட்டணம் ஒன்று இருந்தால்தான் மக்களுக்குப் பொறுப்பு வரும், இல்லையென்றால் தேவையில்லாமல் மருத்துவமனைக்கு வந்து குவிவார்கள் என்ற வாதத்தையும் சிலர் உங்களிடம் வைப்பார்கள். அது புதிய வாதமல்ல. பரிசோதித்துப் பார்க்கப்பட்ட வாதம். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து 1982 வரை, ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு திட்டங்களில் சேர்த்தது. சிலருக்கு எல்லாம் இலவசம், மற்றவர்களுக்குச் செலவில் வெவ்வேறு விகிதத்தில் பங்கு. பங்கு கட்ட வேண்டியிருந்தவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை. பயன்தரும் சிகிச்சையையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஏழ்மையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்திருந்தவர்களிடம் இலவசச் சிகிச்சையின் பலன் தெளிவாகத் தெரிந்தது. எது தேவை, எது தேவையில்லை என்று நெஞ்சுவலியோடு நிற்கும் ஒருவரைத் தீர்மானிக்கச் சொல்வது நியாயமே இல்லை. அந்தத் தீர்மானத்தை எடுக்கத்தானே அவர் மருத்துவரிடம் வருகிறார்.

பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியபோது, சிகிச்சை பெறும் இடத்தில் யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1951-இல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுத்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். பல்செட்டுக்காக ஓர் அமைச்சர் பதவி விலகுவதா என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர் பார்த்தது தொகையை மட்டுமல்ல. ஒரு கட்டணம் உள்ளே நுழைந்துவிட்டால் அடுத்தது எளிதாக நுழையும். மறு ஆண்டே மருந்துச்சீட்டுக்கும் கட்டணம் வந்தது. பின்னர் 1965-இல் நீக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் வந்தது. வேல்சும் வட அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் அதை ரத்துசெய்ய 2007 முதல் 2011 வரை ஆயிற்று. இங்கிலாந்தில் இன்றும் அது இருக்கிறது.

அதற்காக, கட்டணத்தை ரத்துசெய்வதாக அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. உகாண்டாவில் 2001 மார்ச் மாதத்தில், அதிபர் தேர்தல் வேளையில், அரசு மருத்துவ நிலையங்களில் வசூலிக்கப்பட்ட கட்டணம் நீக்கப்பட்டது. வரும் நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. ஏழைகளே அதிகம் பயனடைந்தார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு மருந்து வந்து சேரவில்லை. இலவசமாகப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்த நிலையத்தில் மருந்து இல்லாததால், மக்கள் தனியார் கடைகளுக்குப் போனார்கள். பின்னர் வந்த ஆய்வுகள், மிக ஏழைக் குடும்பங்களைத் தாங்க முடியாத மருத்துவச் செலவு தாக்குவது அதனால் குறையவில்லை என்று காட்டின. ஓர் அறிவிப்பு எவ்வளவு நல்லது செய்ய முடியும் என்பதும், அதற்குப் பின்னால் மருந்துக் கொள்முதலும் கிடங்கும் வண்டியும் இல்லாவிட்டால் அது எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதும் அந்த ஒரு நிகழ்விலேயே தெரிகின்றன.

தேர்தல் வாக்குறுதியாகப் பிறந்து உண்மையிலேயே நிலைத்து நிற்கும் ஏற்பாடு ஒன்றைப் பார்க்க விரும்பினால், தாய்லாந்தைப் பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2001 தேர்தலில் தாய் ராக் தாய் கட்சி, முப்பது பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டினால் எல்லா நோய்க்கும் சிகிச்சை என்ற முழக்கத்தோடு வாக்குக் கேட்டு வென்றது. அதே ஆண்டு ஆறு மாகாணங்களில் தொடங்கி, 2002-க்குள் நாடு முழுவதற்கும் திட்டம் போய்ச் சேர்ந்தது; அதே 2002-இல் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அரசு ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் காப்பீட்டிலும் இடம்பெறாத எல்லோரும் இதில் வந்துவிட்டார்கள். இன்று மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இதன் பாதுகாப்பில் இருக்கிறார்கள். ஒரே ஆண்டில் இது எப்படி முடிந்தது என்று கேட்கத் தோன்றும். ஒரே ஆண்டில் முடியவில்லை என்பதுதான் பதில். மருத்துவப் பட்டதாரிகளுக்குக் கிராமப்புறக் கட்டாயப் பணி அங்கே 1970-களிலேயே தொடங்கிவிட்டது. 1980-களில் பெரிய நகர மருத்துவமனைகளின் விரிவாக்கத்தை நிறுத்திவைத்து, மாவட்ட அளவிலான சிறு மருத்துவமனைகளைக் கட்டுவதற்குப் பணத்தைத் திருப்பினார்கள். அந்தக் கிராமப்புற மருத்துவமனைகளில் பணியாற்றி வளர்ந்த சங்குவான் நிட்டயாரம்பொங் போன்ற மருத்துவர்கள் இந்தத் திட்டத்தின் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு அரசியல் கட்சிகளின் கதவைத் தட்டினார்கள். ஒரு கட்சி திறந்தது. முழக்கத்துக்கு முன்பே மருத்துவமனை இருந்தது. அதனால்தான் முழக்கம் பொய்க்கவில்லை.

அந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் இன்னொன்று, எதைச் சேர்ப்பது என்ற முடிவை அவர்கள் வெளிப்படையாக எடுத்த விதம். தொடக்கத்தில் டயாலிசிஸ் அதில் இல்லை. செலவு தாங்காது என்று விட்டிருந்தார்கள். சிறுநீரக நோயாளிகளின் குடும்பங்கள் கடனில் மூழ்குவதைக் காட்டி நோயாளர் அமைப்புகள் போராடின. செலவையும் பலனையும் கணக்கிட்ட ஆய்வுகள் முன்வைக்கப்பட்டன. 2008 முதல், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வயிற்றுவழி டயாலிசிசுக்கு முன்னுரிமை தந்து, அது திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. இதைச் சேர்க்கிறோம், இதை இப்போதைக்குச் சேர்க்கவில்லை, காரணம் இது என்று மக்களிடம் சொல்லும் துணிவு ஒரு திட்டத்துக்கு வலு சேர்க்கும். எல்லாம் உண்டு என்று எழுதிவிட்டு, நோயாளி வந்து நிற்கும்போது கவுண்ட்டரில் ‘இது பேக்கேஜில் இல்லை’ என்று சொல்லவைப்பது, அந்த வாக்குறுதியின் மீது மட்டுமல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியரின் மீதும் இழைக்கப்படும் அநீதி. கையுறை, ஊசிக்குழல், சில விலையுயர்ந்த மருந்துகள் என்று பில்லின் கீழ்ப்பகுதியில் தனியாக எழுதப்படும் வரிகளுக்கு, காப்பீடு இருந்தும் ஏன் பணம் என்று கேட்கும் மகளுக்கோ மகனுக்கோ பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இனி, பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. பெரும்பாலான தேர்தல் அறிக்கைகள் இங்கே மௌனமாகிவிடுகின்றன. இந்த மௌனத்தை நான் ஏற்கவில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1960-இல் முதல்வராக இருந்த டாமி டக்ளஸ் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டையே தேர்தலின் மையமாக்கினார். மக்கள் முன்கூட்டியே பணம் செலுத்தும் ஏற்பாடு, அரசின் நிர்வாகம், எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு என்று கொள்கையைத் தேர்தலுக்கு முன்பே அறிவித்தார். மருத்துவர் சங்கம் முழு மூச்சோடு எதிர்த்துப் பிரசாரம் செய்தது. மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். சிறுவயதில் எலும்பு நோயால் காலை இழக்கும் நிலைக்கு வந்து, ஒரு மருத்துவர் மாணவர்களுக்குக் கற்பிக்கும் நோக்கில் கட்டணமின்றி அறுவை செய்ததால் கால் தப்பியவர் அவர். அப்படி ஒரு தற்செயலை நம்பி எந்தக் குழந்தையின் காலும் இருக்கக் கூடாது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் பேசிய பேச்சு. 1962 ஜூலை 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவருக்குப் பின் வந்த உட்ரோ லாய்டு முதல்வராக இருந்தார், மருத்துவர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அரசு பின்வாங்கவில்லை. 1964 தேர்தலில் டக்ளஸ், லாய்டு ஆகியோரின் கட்சி தோற்றது. வென்ற லிபரல் கட்சியினர் திட்டத்தைக் கைவிடவில்லை. 1966-இல் கனடா நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமான மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.

கானாவின் அனுபவத்தில் இரண்டு வகை வாக்குறுதிகளையும் பார்க்கலாம். கட்டண முறையை ஒழித்துத் தேசிய மருத்துவக் காப்பீடு கொண்டுவருவோம் என்று சொல்லி 2000-இல் ஆட்சிக்கு வந்தவர்கள் 2003-இல் சட்டம் இயற்றி, மதிப்புக் கூட்டு வரியோடு 2.5 சதவீதம் கூடுதல் வரியை இதற்கென்றே விதித்தார்கள். வரி விதிப்பதை எந்த அரசியல்வாதியும் விரும்ப மாட்டார். ஆனால் அந்தத் திட்டம் இத்தனை ஆண்டுகளாக நிற்பதற்கு அந்த வரியே முதுகெலும்பு. 2008 தேர்தலில் எதிர்க்கட்சி, ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டாம், வாழ்நாளில் ஒரே ஒரு முறை கட்டினால் போதும் என்று வாக்களித்தது. கேட்பதற்கு இனிமையான வாக்குறுதி. வென்ற பிறகு அது நாடளாவிய நடைமுறைக்கு வரவே இல்லை. ஏனெனில் அதற்கான பணக் கணக்கு இல்லை. உங்கள் அறிக்கை இந்த இரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரியா, கட்டாயச் சந்தாவா, இரண்டும் கலந்ததா என்பதில் என் விருப்பம் பொது வரியின் பக்கம்தான். முறைசாராத் தொழிலில் இருப்பவர்களிடம் மாதாமாதம் சந்தா வசூலிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பல நாடுகள் பார்த்துவிட்டன. என்றாலும் வேறு வழியே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஜெர்மனி 1883-லேயே தொழிலாளர் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கிச் சந்தா வழியில் வளர்ந்த நாடு. ஜப்பான் 1961-இல் எல்லா மக்களையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. 1973-இல் ஒரு குடும்பம் மாதத்தில் கட்ட வேண்டிய மருத்துவச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. இந்த உச்சவரம்பு மிகச் சிறந்த யோசனை. உங்கள் திட்டத்தில் எவ்வளவு குறைகள் இருந்தாலும், வருமானத்துக்கு ஏற்ற ஒரு மாத உச்சவரம்புக்கு மேல் ஒரு பைசாகூடக் குடும்பம் கட்ட வேண்டியதில்லை என்று எழுதிவைத்தால், எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பலர் நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

யார் தகுதியுடையவர் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 2010-இல் கட்டுப்படியாகும் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் வந்தபோது, மிக ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்ற அரசுக் காப்பீடு, அவர்களுக்கு மேலே இருப்பவர்களுக்குப் பிரீமியத்தில் மானியம் என்று படிப்படியாக அமைத்தார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் மெடிக்கெய்டு விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. சில மாநிலங்கள் விரிவாக்க மறுத்தன. அந்த மாநிலங்களில், மெடிக்கெய்டுக்குத் தகுதி பெறாமலும், மானியம் பெறுவதற்கான குறைந்தபட்ச வருமானம் இல்லாமலும், நடுவில் விழுந்தவர்கள் உருவானார்கள். தம்மைவிடச் சற்று அதிகம் சம்பாதிப்பவருக்குக் கிடைக்கும் உதவி, ஏழையாக இருப்பதால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தகுதிக் கோடுகளை எவ்வளவு கவனமாக வரைந்தாலும், இரண்டு கோடுகளுக்கு நடுவில் மனிதர்கள் நிற்பார்கள். வேலை போன மாதத்தில் காப்பீடும் போவது, வருமானச் சான்று புதுப்பிக்காததால் சிகிச்சையின் நடுவில் பெயர் நீங்குவது, மணமாகிப் போன மகளின் பெயர் எந்த வீட்டு அட்டையிலும் இல்லாமல் போவது ஆகிய எல்லாமே கோடுகளால் வருபவை. குடிமக்கள் அனைவருக்கும் என்று ஒரே வரியில் எழுதக்கூடிய திட்டம், அதிகச் செலவு போலத் தோன்றினாலும், தகுதியைச் சரிபார்க்கும் செலவையும் அந்த அலைச்சலையும் நீக்கிவிடுகிறது.

காப்பீட்டால் உடல்நலம் உடனே தேறிவிடுமா என்று உங்கள் எதிரணியினர் கேட்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008-இல் மெடிக்கெய்டில் மிகக் குறைந்த இடங்களே இருந்ததால், விண்ணப்பித்தவர்களிடையே குலுக்கல் நடத்திச் சேர்த்தார்கள்; அதனால் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அரிய வாய்ப்பு கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தத்திலோ கொழுப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆனால் தாங்க முடியாத மருத்துவச் செலவு ஏறக்குறைய முற்றிலுமாக மறைந்தது; மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. இரவில் தூங்க முடியாமல் கணக்குப் போடுகிற ஒரு தகப்பனையோ தாயையோ பார்த்தவர்களுக்கு இதுவே போதுமான பலன் என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கடைசியாக, நீங்கள் கொண்டுவரும் ஏற்பாடு உங்கள் ஆட்சிக் காலத்தோடு முடியக் கூடாது. மெக்சிகோவில் 2003-இல் சட்டத்திருத்தத்தின் வழியே வந்த செகுரோ பொப்புலார் திட்டம் கோடிக்கணக்கானோரைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. 2020-இல் வந்த அடுத்த ஏற்பாடு அதை நீக்கிவிட்டுப் புதிய நிறுவனம் ஒன்றை அமைத்தது. அந்த நிறுவனமும் 2023-இல் கலைக்கப்பட்டது. பழைய திட்டத்தில் குறைகள் இருந்திருக்கலாம்; ஆனால் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கு, தன் சிகிச்சை எந்தப் பெயரில் நடக்கிறது என்பது பொருட்டில்லை, அடுத்த சுற்று மருந்து நாள் தவறாமல் வர வேண்டும் என்பதே பொருட்டு. முந்தைய அரசின் திட்டம் என்பதற்காக ஒன்றைக் கலைத்துப் புதுப்பெயர் சூட்டும் வழக்கத்தை எந்த நாட்டிலும் நோயாளிகளே தாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, வாக்குப்பதிவுக்கு முன்பாக உங்களிடமிருந்து எழுத்து வடிவில் சில பதில்களை எதிர்பார்க்கிறேன். உங்கள் திட்டத்தில் வெளிநோயாளிச் சிகிச்சையும் நாள்பட்ட நோய்களுக்கான மருந்தும் முதல் நாளிலிருந்தே அடங்குமா என்று சொல்லுங்கள். ஒரு குடும்பம் ஒரு மாதத்தில் சொந்தப் பணத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை ஒரு தொகையாகவோ வருமானத்தின் விகிதமாகவோ எழுதுங்கள். அதற்கான பணம் எந்த வரியிலிருந்து அல்லது எந்தச் சந்தாவிலிருந்து வரும் என்பதையும், அது முதல் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் போதுமா என்பதையும் காட்டுங்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் நோயாளர்களுக்கு இடம் உண்டா, அதன் முடிவுகளும் காரணங்களும் பொதுவெளியில் வருமா என்று சொல்லுங்கள். முந்தைய திட்டத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு நாள்கூட இடைவெளி விழாது என்று உறுதி கொடுங்கள். இவையெல்லாம் ஓர் அரசாணையில் நிற்குமா, சட்டமாக வருமா என்பதையும் தெரிவியுங்கள். சட்டமாக வந்தால் மறுக்கப்பட்டவர் கேட்க ஓர் இடம் இருக்கும்.

நீங்கள் அனுப்பும் பதில் எதுவானாலும், எங்கள் மேசைக்கு வரும் குடும்பங்கள் படிக்கும்படி அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க நிர்வாகத்திடம் அனுமதி கேட்பேன். எல்லாக் கட்சியினரின் பதிலுக்கும் அதில் ஒரே அளவு இடம் கேட்பேன்.

இப்படிக்கு,
மருத்துவமனை உதவி மேசைப் பணியாளர் ஒருவர்,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்